அருள்நாதன் குடித்த கைத்தண்ணீர்

ராயபுரத்தில் மாடு வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே தலைவலிதான். கறக்கிற மாட்டைக் கட்டி வைக்க ஒரு சந்து போதும். கறவை வற்றின மாட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? பால் தராத மாட்டுக்குத் தவிடும் புண்ணாக்கும் வாங்கிப் போட்டுக் கட்டுபடியாகாது. தெருவில் அவிழ்த்து விட்டால் சுவரில் இருக்கிற போஸ்டரைத் தின்றுவிட்டு வரும். அதோடு போனாலும் பரவாயில்லை, கார்ப்பரேஷன்காரன் பிடித்து மாட்டுப் பவுண்டில் அடைத்துவிடுவான், அபராதம் கட்டித்தான் மீட்க வேண்டும். சினைமாடு மறுபடி கன்று போடுகிற வரைக்கும் ஊருக்கு வெளியே யாராவது வைத்துப் பார்த்துக்கொண்டால் கூலி கொடுக்க அவர்கள் தயாராக இருந்தார்கள். அந்த வேலையைத்தான் அருள்நாதன் பார்த்தார்.

அதற்கு முன்னால் அவர் துறைமுகத்தில் கரிக்கப்பலில் வேலை செய்தவர். அறுபதாம் வருஷம் கிரேன் சங்கிலிக்கும் கரித்தொட்டிக்கும் நடுவில் இடது கை மாட்டிக்கொண்டு மணிக்கட்டோடு போய்விட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு அது நடந்ததால் மேஸ்திரி அன்றைக்கு அவருக்கு அரை நாள் கூலி போட்டான். கை போன நாளுக்கு அரை நாள் கூலி. அருள்நாதன் இதைச் சொல்லும்போது அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. மழை பெய்தது, வெயிலடித்தது என்கிற மாதிரித்தான் சொல்வார். ஆனால் அதற்குப் பிறகு அவர் பேசிய கூலி எதையும் அந்த அரை நாளை நினைக்காமல் அவர் பேசியதில்லை.

சங்கத்துக்காரர்கள் நடையாய் நடந்து வாங்கிக் கொடுத்த நஷ்ட ஈட்டில் அவர் ஒரு நிலம் வாங்கினார். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில், கால்வாய்க்கு மேற்கே ஒரு துண்டு உப்பு மண். நெல் விளையாது, கத்தரிக்காய்கூடக் காய்க்காது. அதனால்தான் அந்த விலைக்குக் கிடைத்தது. ஆனால் மழைக்குப் பின்னால் கோரை இடுப்பளவுக்கு நின்றது, மேட்டில் அருகம்புல் படர்ந்தது. நடுவில் ஒரு குளம் இருந்தது. ஓடையிலிருந்து அதற்குத் தண்ணீர் வரும். குளத்தங்கரையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, மனைவி ஃப்ளோரன்சோடும் ஒரு பசுவோடும் அவர் அங்கே போய் உட்கார்ந்தார். ஒற்றைக் கையால் கரி அள்ள முடியாது, ஆனால் மாடு பார்க்கலாம்.

கூலி எவ்வளவு என்று வைப்பதில்தான் முதல் வருஷம் முழுக்கத் திணறினார். மாத்தூர்ப் பக்கம் மாடு பார்க்கிறவர்கள் கோடையில் கூலியை ஏற்றுவார்கள். புல் எங்கும் இல்லாதபோது கேட்டதைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்பது அவர்களுடைய நியாயம். அருள்நாதன் தலைகீழாக யோசித்தார். கூலியை மூன்றாகப் பிரித்தார்: புல்லுக்குக் கொஞ்சம், தண்ணீருக்குக் கொஞ்சம், காவலுக்குக் கொஞ்சம். கோடையில் புல் கருகினால் புல்லுக்கான பங்கை விட்டுவிட்டார். தாயோடு வந்த கன்றுக்குக் கூலி கேட்கவில்லை. சாணி மட்டும் அவருக்கு, அது ஃப்ளோரன்ஸ் வறட்டி தட்டி விற்க. மாடு தன் காலால் நடந்து வீடு திரும்பாவிட்டால் அதுவரை வாங்கிய கூலி முழுவதும் திரும்பிப் போய்விடும்.

பரசுராமன் என்று ஒரு பால்காரர். ராயபுரத்தில் பாதித் தெருவுக்கு அவர்தான் பால் ஊற்றினார். அவருடைய வற்றுமாடுகள்தான் நிலத்தில் அதிகம்.

"இன்னா அருளு, ஊரே கூலிய ஏத்துது, நீ எறக்குறே?" என்று அவர் ஒரு சித்திரை மாதத்தில் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"புல்லு கீதா அண்ணே? இல்லாத புல்லுக்கு நான் எப்படிக் காசு வாங்குறது?"

"நீ பொழைக்கத் தெரியாதவன் நைனா," என்றார் பரசுராமன். சொல்லிவிட்டு இன்னும் நான்கு மாட்டை ஓட்டி அனுப்பினார்.

கூலி பேசி முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. மாட்டை மேய்ச்சலுக்குப் பிடித்துக்கொள்கிறவன் மாட்டுக்காரனைக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போய், அவன் பார்க்க ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க வேண்டும். 'நான் குடிக்கிற தண்ணிதான் உன் மாட்டுக்கும்' என்று அதற்கு அர்த்தம். கைத்தண்ணி என்பார்கள். அதைக் குடிக்காத வரைக்கும் பேசின கூலி பேச்சோடு சரி. மற்றவர்கள் பேருக்கு உதட்டை நனைத்துக்கொள்வார்கள். அருள்நாதனுக்கு இருந்தது ஒரே கை. அந்தக் கையைக் குழித்து நிறைய அள்ளி, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்துவிட்டுத்தான் நிமிர்வார். அவர் குடிப்பதைப் பார்த்தால் போதும், மனிதர்கள் நிம்மதியாக பஸ் ஏறிப் போனார்கள். இப்படி ஆறேழு வருஷம் நன்றாகவே போயிற்று. அவர் வாழ்க்கையில் நன்றாக இருந்த காலம் என்று சொல்ல இவ்வளவுதான் உண்டு.

அதற்குள் மேற்கே ஓடையோரமாக ஒரு தொழிற்சாலை வந்துவிட்டது. என்ன செய்கிறார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மருந்து என்றார்கள், சாயம் என்றார்கள், உரம் என்றும் சொன்னார்கள். இரவில் அங்கே வானம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஒரு வருஷம் ஐப்பசி மழையோடு ஓடைத் தண்ணீரில் ஒரு வாடை வந்தது. தீக்குச்சி உரசினால் வருமே, அந்த வாடை. குளத்தின் ஓரத்தில் தவளைச் சத்தம் நின்றுபோனதை ஃப்ளோரன்ஸ்தான் முதலில் சொன்னாள். அருள்நாதன் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார். நாக்கில் லேசாகத் துவர்த்தது. மறுநாள் காலையில் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த மாதமே பரசுராமனின் கிடாரி ஒன்று வாயில் எச்சில் ஒழுகிச் செத்தது. கோமாரி என்றார்கள். கோமாரி வராத ஊர் எது? அருள்நாதன் வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தார். பரசுராமன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

செல்லம்மா வந்தது அப்போதுதான்.

செல்லம்மா திருவொற்றியூர்க் குப்பத்துக்காரி. கட்டுமரத்தில் போன புருஷன் ஒரு புயலில் திரும்பவில்லை. மீன் கூடை சுமந்து, ராயபுரம் மார்க்கெட்டில் உட்கார்ந்து, மகள் குணசுந்தரியை வளர்த்தாள். அவள் வாய்க்கு மார்க்கெட்டே பயப்படும். போலீஸ்காரனே அவளிடம் ஓசி மீன் கேட்பதை விட்டுவிட்டான். அவளிடம் வள்ளி என்று ஒரு செவலைப் பசு இருந்தது. வற்றிவிட்டது, ஆனால் நிறைசினை. கன்று போட்டதும் மாட்டையும் கன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்வதாகப் பரசுராமன் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பணத்தில் குணசுந்தரிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு காசிமேட்டில், தைமாதம் என்று பேச்சு. செல்லம்மாவிடம் வேறு எதுவும் கிடையாது. அந்த மாடு நல்லபடியாக ஈன்றால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை.

"அண்ணாத்தே, எங்கையில காசு கெடையாது. வாரா வாரம் மீனு கொணாந்து தரேன்," என்றாள்.

கூடையின் அடியிலிருந்து ஒரு வஞ்சிரத் துண்டை எடுத்து நீட்டினாள். அருள்நாதன் அதை வாங்கவில்லை.

"வஞ்சிரம் இன்னாத்துக்கு? உன் மாட்டுக் கூலி அவ்ளோ ஆவாது. சின்ன மீனு, காரப்பொடி ரெண்டு கை போடு, அதான் கணக்கு."

செல்லம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளிடம் மீன் விலையைக் குறைத்துப் பேசியவர்கள் உண்டு, தனக்கு வருகிற மீனையே குறைத்துப் பேசிய ஆளை அன்றுதான் பார்த்தாள். ஆனால் அடுத்த கேள்வியை அவள் கேட்காமல் விடவில்லை.

"தண்ணி ஒரு மாரி கீதுன்னு மார்க்கெட்ல பேசிக்கிறாங்கோ. மெய்யா?"

"வாடை கீது. இல்லேன்னு சொல்ல மாட்டேன். நீ இப்ப மாட்ட ஓட்டிகினு போ. அடுத்த ஞாயித்துக்கெழம வா. அதுவரிக்கும் நான் டெய்லி குடிச்சிப் பாக்குறேன். எனக்கு ஒண்ணும் ஆவலேன்னா வுடு."

அந்த வாரம் முழுக்க அவர் காலையும் மாலையும் குளத்தில் இறங்கிக் குடித்தார். ஃப்ளோரன்ஸ் திட்டினாள், அழுதாள், கடைசியில் தூரத்திலிருந்து சுமந்து வந்த குடிதண்ணீரை மூடி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்தவர், செல்லம்மா பார்க்க இன்னும் ஒரு கை அள்ளிக் குடித்தார். இதில் பொய் ஒரு துளியும் இல்லை. இதை நான் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் ஊர் அவரைப் பற்றி எத்தனையோ சொல்லிற்று, அவர் தண்ணீரைத் துப்பிவிட்டார் என்று ஒருவரும் சொல்ல முடியாது. அவர் உண்மையாகத்தான் குடித்தார். வினையே அதில்தான் இருந்தது.

செல்லம்மா வள்ளியின் கழுத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு, சும்மாட்டை உதறிக்கொண்டு போனாள். சொன்னபடி வாரா வாரம் மீன் வந்தது. காரப்பொடிதான், ஆனால் இரண்டு கை என்று பேர் சொல்லி நான்கு கை போட்டாள்.

மார்கழி பிறந்தபோது வள்ளி புல்லை விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. வாயோரம் நூலாக எச்சில் தொங்கியது. அருள்நாதன் வேப்பிலை அரைத்துத் தடவினார், கஞ்சி காய்ச்சி மூங்கில் குழாயில் புகட்டினார். ஒற்றைக் கையால் மாட்டின் வாயைத் திறந்து குழாயையும் பிடிக்க முடியாது, வாயை ஃப்ளோரன்ஸ் பிடித்துக்கொண்டாள். கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினார். காலம் வருமுன்பே ஒரு விடியலில் வள்ளி கன்றைப் போட்டது. அதன் உடம்பில் ரோமமே இல்லை. அது மூச்சு விடவில்லை. தாய் அதை நக்கக்கூடத் திரும்பவில்லை.

செல்லம்மாவுக்கு ஆள் அனுப்பினார்கள். கூடையை மார்க்கெட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். மாடு அன்றைக்குச் சாயந்திரம் வரை உயிரோடிருந்தது. அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு குளத்தைப் பார்த்தாள். மற்ற மாடுகள் வரிசையாக முகத்தை இறக்கித் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டிருந்தன.

"நீ ஒரு கைதானே குடிச்சே அண்ணாத்தே," என்றாள். "அது குடம் குடமா குடிச்சுதே."

அருள்நாதன் அப்படியே குந்திவிட்டார். எத்தனை தலைமுறையாக அந்தப் பக்கத்து ஆட்கள் கைத்தண்ணி குடித்திருப்பார்கள். மாட்டின் வாய் எவ்வளவு பெரியது என்று ஒருவருக்குமா தோன்றவில்லை? சேறு கலந்ததா, உப்பு ஏறியதா என்று பார்க்கத்தான் அந்த வழக்கம் லாயக்கு. இந்த மாதிரித் தண்ணீரை அது அறியாது. அந்த வழக்கத்தை நம்பி அவர் தன்னையும் ஏமாற்றிக்கொண்டார், ஒரு ஏழைப் பெண்ணையும் ஏமாற்றிவிட்டார். அதை நினைத்து அவர் வெட்கப்பட்ட மாதிரி கை போனதற்குக்கூட அழுததில்லை.

செத்த மாட்டுக்குக் கூலி திரும்ப வேண்டும். ஆனால் தின்ற மீனை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அப்படியே கொடுத்தாலும் அது ஒரு பசுவாகிவிடுமா? இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் எழுந்து தன் சொந்தப் பசுவை அவிழ்த்தார். ஃப்ளோரன்ஸ் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்த குடுத்துட்டா நாம இன்னாய்யா துன்றது? நம்ம வூட்டு சோறே இதுதான்."

"அவளுக்கு அரை நாள் கூலி குடுக்கச் சொல்றியா?" என்று கேட்டார் அருள்நாதன்.

ஃப்ளோரன்ஸ் கயிற்றை விட்டுவிட்டாள்.

குப்பம் வரைக்கும் அவர் மாட்டை நடத்தியே கூட்டிப்போனார். வாசலில் குணசுந்தரி வலைக்கயிறு திரித்துக்கொண்டிருந்தாள், அவரைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். செல்லம்மா வெளியே வந்தாள். அவர் கயிற்றை நீட்டினார். அவள் கயிற்றை வாங்காமல் மாட்டின் கிட்டே போய் அதன் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு வெளுத்திருந்தது. அங்கங்கே சிவப்புப் புள்ளி.

"இதுவும் அந்தக் கொளத்துலதானே அண்ணாத்தே குடிச்சுது."

அது அவருக்குத் தோன்றவே இல்லை. நியாயமாக ஈடு கட்டிவிட்டோம் என்று நிமிர்ந்து நடந்து வந்தவர், நீட்டிய கயிற்றோடு அந்தக் குப்பத்து மணலில் நின்றார். சுற்றி நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"ஓட்டிகினு போ. என் வாசல்ல இன்னொரு மாடு சாவ வேணாம்," என்றாள் செல்லம்மா. அவள் குரலில் கோபம்கூட இல்லை.

திரும்பி வந்த பசு பொங்கலுக்குள் செத்தது. காசிமேட்டு மாப்பிள்ளை வீட்டார் மாசி வரைக்கும் பொறுத்தார்கள், அப்புறம் எர்ணாவூரில் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். குணசுந்தரிக்கு அதற்கப்புறம் வரன் அமையவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை போட்டு அவளும் மீன் விற்க உட்கார்ந்தாள்.

அருள்நாதன் தொழிற்சாலை வாசலுக்குப் போனார். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. நாலாவது தடவை போனபோது சட்டைப்பையில் பேனா குத்திய ஒருவர் வெளியே வந்து, உங்கள் மாட்டுக்கு வந்தது நோய் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்கு மேல் எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. குளத்தை மூட ஆளும் இல்லை, பணமும் இல்லை. முள்வேலி போட்டார், அதை வாரத்துக்குள் அடுப்பெரிக்கப் பிடுங்கிப் போய்விட்டார்கள். சரி, மாட்டுக்காரர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று பஸ் ஏறி முதலில் பரசுராமன் வீட்டுக்குப் போனார்.

"தண்ணி கெட்டுடுச்சு அண்ணே. எல்லா மாட்டையும் ஓட்டிகினு வந்துடுங்க. இனிமே நான் புடிக்க மாட்டேன்."

பரசுராமன் அவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். நிதானமாக வெற்றிலையைக் கிள்ளினார்.

"எங்க ஓட்டிகினு போறது அருளு? மாத்தூர்ல எடமில்ல, அத்திப்பட்டு ரொம்ப தூரம். ஒண்ணு ரெண்டு சாவும், அது எங்கியும் சாவத்தான் செய்யும். நீதானே சொன்னே, புல்லு இல்லேன்னா புல்லுக் காச கழிக்கணும்னு. இப்ப தண்ணி சரியில்ல. தண்ணிக் காச கழிச்சுக்கோ. அதான் நியாயம்."

அருள்நாதன் வைத்த நியாயத்தையே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார் பரசுராமன். மற்றவர்களிடமும் இதே கதைதான். தண்ணீர் சரியில்லை என்று சொல்லச் சொல்ல, கூலி குறையப் போகிறது என்றுதான் அவர்கள் காதில் விழுந்தது. அடுத்த வாரம் புதுசாக மூன்று பேர் மாடு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் ரயில்வே கலாசி, வியாசர்பாடியிலிருந்து. மலிவாகப் பிடிக்கிறீர்களாமே என்று கேட்டார். அவருடைய மாடும் நிறைசினை.

அன்றைக்கு அந்தக் கலாசியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அருள்நாதன் ஒரு கூலி சொன்னார். மாத்தூர்க்காரர்கள் பஞ்சத்தில் கேட்பதைப் போல ஐந்து மடங்கு. கலாசி முதலில் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தார். அருள்நாதன் திரும்பச் சொன்னார். மேய்ந்தாலும் அதுதான், சும்மா உள்ளே கால் வைத்தாலும் அதுதான், கொடுக்காவிட்டால் மாடு பவுண்டுக்குப் போகும் என்றார்.

"கஸ்மாலம், ஒத்தக் கையோட இவ்ளோ பேராசையா?" என்று கலாசி காறித் துப்பிவிட்டு மாட்டைத் திருப்பிக்கொண்டு போனார். மாடு உயிரோடு போகிறதை அருள்நாதன் திருப்பம் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

பரசுராமன் நேரில் வந்து கத்தினார். அருள்நாதன் அசையவில்லை. நிஜமாகவே இரண்டு மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைத்தும் காட்டினார். ஒரு மாதத்தில் நிலம் காலியாகிவிட்டது. கோரை யாரும் மேயாமல் வளர்ந்து நின்றது. சாணி இல்லை, அதனால் வறட்டியும் இல்லை. ஃப்ளோரன்ஸ் ராயபுரத்தில் ஒரு ஷெட்டில் இறால் உரிக்கப் போனாள். ஐஸ் தண்ணீரில் ஊறி அவள் விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. அருள்நாதன் ஒரு தடியை எடுத்துக்கொண்டு நாள் பூராவும் நிலத்தின் வாயில் உட்கார்ந்திருந்தார். அதற்கு அவருக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை.

கூலி ஏற்றிய சேதி மார்க்கெட்டுக்குப் போகாமல் இருக்குமா? நிலம் காலியான சமயத்தில்தான் அது செல்லம்மா காதுக்கு எட்டியது, அன்றைக்கே வந்துவிட்டாள். தூரத்திலிருந்தே அவள் குரல் கேட்டது.

"என் மாட்டக் கொன்னுட்டு, என் பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டு, இப்ப கூலி வேற ஏத்துறியா நீ? உனக்கு நெஞ்சுல ஈரம் கீதா?"

அருள்நாதன் எழுந்து நின்றார். அவளைப் பார்த்துப் பேச அவருக்கு முகமில்லை, குளத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொன்னா கூலியக் கொறைன்றாங்க தங்கச்சி. மாட்ட வுட்டுட்டுப் போயிடுறாங்க. கூலிய ஏத்துனாதான் வர மாட்டேன்றாங்க."

செல்லம்மா இடுப்பில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள். காலி நிலத்தைப் பார்த்தாள். ஒரு மாடு இல்லை. குளத்தங்கரை காய்ந்து, குளம்புத் தடம் ஒன்றும் இல்லாமல் கிடந்தது. அவள் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையிலிருந்து மார்க்கெட்டில் அவள் அருள்நாதனை ஏச ஆரம்பித்தாள். அதற்கு முன்னால் அவள் யாரையும் அப்படி ஏசியதில்லை. பேமானி, சோமாறி, மாட்டு ரத்தத்தை உறிஞ்சிக் காசு சேர்க்கிறவன், அவன் வாசலை மிதித்தால் கோவணத்தைக்கூட உருவிக்கொள்வான் என்று, மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். மாடு வைத்திருக்கிற ஆள் என்று தெரிந்தால் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள். ஒரு நாள் விடவில்லை. அவள் வாயில் விழுந்த பேர் எழுந்து நடமாடுமா? ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் மாட்டுக்காரர்கள் நடுவில் அருள்நாதன் பேர் நாறிப்போயிற்று. பிறகு ஒரு மாடு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஷெட்டிலிருந்து வந்த ஃப்ளோரன்ஸ் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள்.

"அவ தெனம் உன்ன அசிங்கம் அசிங்கமாப் பேசிகினு கீறா. நான் போயி நாலு வார்த்த கேட்டுட்டு வரட்டா?"

"வுடு. அவ பேசுறதுல பாதி பொய்யின்னு அவளுக்கே தெரியும்."

"மீதி?"

அருள்நாதன் தடியை எடுத்துக்கொண்டு மறுபடி நிலத்தின் வாயிலுக்குப் போனார்.

எழுபத்தைந்தாம் வருஷம் அவர் செத்துப்போனார். கடைசி இரண்டு வருஷம் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை, ஈறெல்லாம் வெளுத்துப் பல் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. டாக்டர் குடியா என்று கேட்டார். இல்லை என்று ஃப்ளோரன்ஸ் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பங்குச் சாமியார், குழி வெட்டினவர், ஃப்ளோரன்சின் அக்கா குடும்பம், துறைமுகத்துப் பழைய தோஸ்து தாமஸ், இவ்வளவு பேர்தான். முன்னே அவரிடம் மாடு விட்டவர்களில் ஒருவர்கூட வரவில்லை. அத்தனை பேராசைக்காரனுக்கு யார் தோள் கொடுப்பார்கள்?

மண் போட்டு முடித்த பிறகுதான் ஃப்ளோரன்ஸ் கவனித்தாள். சுவரோரம் செல்லம்மா நின்றாள், இடுப்பில் காலிக் கூடையோடு. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஃப்ளோரன்ஸ் நேரே அவளிடம் போனாள்.

"இப்பவாச்சும் மார்க்கெட்ல உண்மையச் சொல்லிடும்மே. அவரு அப்பிடிப்பட்டவரு இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லு. செத்தவருக்கு அது போதும்."

செல்லம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னா நாளைக்கே மாட்ட ஓட்டிகினு வந்துடுவாங்க அண்ணி. நெலம் சும்மாதானே கெடக்குதுன்னு. கொளம் அங்கியேதானே கீது."

ஃப்ளோரன்ஸ் சரியென்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் இறால் ஷெட்டில் குளிர்ந்த தண்ணீருக்குள் கையை விட்டபோது, பக்கத்து மார்க்கெட்டிலிருந்து செல்லம்மாவின் குரல் வந்தது. புருஷன் செத்தும் அந்தப் பொம்பளைக்குப் புத்தி வரவில்லை, அவனுக்கு மேல் இவள் கூலியை இன்னும் ஏற்றிவிட்டாளாம், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்துவிடாதீர்கள் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஷெட்டில் இருந்த பெண்கள் எல்லாம் திரும்பி ஃப்ளோரன்சைப் பார்த்தார்கள். ஃப்ளோரன்ஸ் இல்லை என்று சொல்லவில்லை. தலை நிமிராமல் அடுத்த இறாலை எடுத்து உரித்தாள்.